ஏசிக்குக் கீழே ஒரு நீல நாற்காலி

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு நாற்காலியைப் பார்த்துப் பயந்தேன்.

சிரிக்காதீர்கள். சாதாரண பிளாஸ்டிக் நாற்காலிதான். நீல நிறம். ஒரு பக்கக் கைப்பிடி விரிசல் விட்டு, அதன் மேல் பழுப்பு டேப் சுற்றியிருக்கும். கல்யாண மண்டபங்களில் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த ரகம். ஆனால் இது இருப்பது மண்டபத்தில் இல்லை – பெங்களூரில், எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில், குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொள்கிறவர்கள் போகும் ஒரு கிளினிக்கின் வெயிட்டிங் ஹாலில்.

ஆமாம், நான்தான் போகிறேன். சில வருஷங்களாகவே போகிறேன்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். போன வருஷம் நடுவில் இரண்டு வாரம் நான் வரவில்லை. 'உடல்நலக் குறைவு' என்று கீழே ஒரு வரி போட்டார்கள். நீங்களும் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்து, கஷாயத்துக்குக் குறிப்பெல்லாம் அனுப்பினீர்கள். காய்ச்சல் இல்லை. கரு தங்கவில்லை. அதை அன்றைக்கு என்னால் எழுத முடியவில்லை.

இன்றைக்கு எழுதுகிறேன் என்றால்... மறுபடியும் தங்கியிருக்கிறது.

மூன்று மாதம் முடிகிற வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அதை நான் மீறுவது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. இதே பெங்களூரின் ஜீவனஹள்ளியில் பிறந்து கன்னட மீடியத்தில் படித்தவர். தமிழில் பொரிந்து தள்ளுவாரே தவிர, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. அப்பா மட்டும் சாயங்காலங்களில் பிடிவாதமாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. யாரும் போய்ப் போட்டுக்கொடுக்காத வரை நான் தப்பித்தேன்.

நாற்காலிக்கு வருகிறேன்.

போன வருஷம் இதே போல முதல் துடிப்பைப் பார்க்கிற ஸ்கேனுக்குப் போனபோது, அந்த நீல நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். நல்ல சந்தோஷத்தில் இருந்தேன். மனசுக்குள் பெயர்கூட வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கூப்பிட்டார்கள். போய்ப் படுத்தேன். மானிட்டர் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது – நானும் என் கணவர் தினாவும் பார்க்கிற மாதிரி. டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றுமே சொல்லாமல், மானிட்டரை மெல்லத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

துடிப்பு இல்லை என்று பிறகுதான் சொன்னார். எனக்கு அந்தத் திருப்பலிலேயே தெரிந்துவிட்டது.

இதில் நாற்காலி என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அறிவு அப்படித்தான் சொல்கிறது. ராசி பார்க்கிறவர்களைக் கிண்டலடித்து இதே பக்கத்தில் நான் எழுதவில்லையா? ஒரு வளைகாப்பில், நலங்கு வைக்கப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தபோது என் முறை வந்ததும், "நீ போய் காபி ஆயிடுச்சான்னு பாரு" என்று ஒரு சொந்தக்காரம்மா என்னை நாசூக்காக உள்ளே அனுப்பிவிட்டதைச் சொல்லி, வறுத்தெடுக்கவில்லையா? எத்தனை பேர் பாராட்டி மெயில் அனுப்பினீர்கள்!

அதே நான்தான் அந்த நாளுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. இடமில்லாவிட்டால் சுவரில் சாய்ந்து நிற்பேன்.

பயம் வந்துவிட்டால் படிப்பு, பகுத்தறிவு எல்லாம் செருப்பைப் போல வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

இந்த முறை பாஸிட்டிவ் என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் யாரும் 'குழந்தை' என்ற வார்த்தையை எடுப்பதில்லை. பேசி வைத்துக்கொள்ளவெல்லாம் இல்லை. தானாகவே அப்படி ஆகிவிட்டது. தினா ஷிஃப்டிலிருந்து போன் பண்ணினால், "விஷயம் எப்படி இருக்கு?" என்பார். "விஷயம் நல்லா இருக்கு" என்பேன். எனக்கு மட்டும் என்ன தெரியும், நல்லா இருக்கிறதா என்று?

பாத்ரூம் போகவே பயம். போனதும் முதலில் உள்ளாடையைத்தான் பார்ப்பேன். கறை இல்லை என்றால் அடுத்த தடவை போகிற வரை உயிர் வரும். குமட்டினால் கஷ்டம். குமட்டாவிட்டால் அதைவிடக் கஷ்டம். ஸ்கேனுக்கு இரண்டு நாளைக்கு முன்பிருந்து எனக்குக் குமட்டல் சுத்தமாக நின்றுவிட்டது. பல் தேய்க்கும்போது வேண்டுமென்றே பிரஷ்ஷை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஊஹூம். தினாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கும் தூக்கம் போகும். அந்த மனிதர் மிஷின்களுக்கு நடுவில் நிற்கிறவர்.

செவ்வாய்க்கிழமை வந்தது. ஹெப்பகோடி தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக கிளினிக்குக்கு வந்துவிடுவதாகச் சொன்ன தினா, சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்டார். 'நகரவே இல்ல' என்று மெசேஜ் வந்தது. ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் கொஞ்சம் லேட்டாகக் கூப்பிட முடியுமா என்று கேட்டேன். டாக்டருக்கு ஆபரேஷன் இருக்கிறது, முடியாது என்றாள். இதெல்லாம் கன்னடத்தில். எங்களை மாதிரி இந்த ஊரிலேயே பிறந்தவர்களுக்கு வீட்டு வாசலைத் தாண்டியதும் நாக்கு தானாக மாறிக்கொள்ளும்.

மூன்று இருக்கை சேர்ந்த ஸ்டீல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஹால் நிரம்பியிருந்தது. காலியாக இருந்தவை என் பக்கத்தில் இருந்த இரண்டு இடங்களும், ஏசிக்கு நேர்கீழே இருந்த அந்த நீல நாற்காலியும்தான். குளிர் நேராக மண்டையில் அடிக்கும் என்பதால் அதில் யாரும் உட்கார மாட்டார்கள்.

ஒரு சின்ன வயதுத் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது ஆகியிருக்காது. கழுத்தில் ஏதோ ஐடி கம்பெனியின் அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று விறைத்தாள். பிறகு கணவன் பக்கம் குனிந்து பேசினாள். தமிழில்.

"ஏங்க... இந்தக்கா பக்கத்துல வேண்டாங்க. வேற எடம் பாருங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"போன தடவ இவங்க பக்கத்துலதான் உக்காந்தேன். அன்னிக்குத்தான் நமக்கு நிக்கலன்னு சொன்னாங்க. இவங்களும் அழுதுட்டேதான் வெளிய போனாங்க. ராசியே இல்லைங்க."

அவன் மெதுவாகப் பேசச் சொன்னான். அவள் கேட்கவில்லை. "அவங்க கன்னடக்காரங்க. இப்பகூட கன்னடத்துலதான பேசினாங்க. அவங்களுக்கு என்ன புரியப் போவுது?"

பெங்களூருக்குப் புதிதாக வருகிற நம் ஆட்களுக்கு இப்படி ஒரு நம்பிக்கை உண்டு – தமிழில் பேசினால் சுற்றி இருக்கிற யாருக்கும் புரியாது என்று. பஸ்ஸில் நின்றுகொண்டு சொத்துச் சண்டை போடுவார்கள். லிஃப்டில் மாமியாரைக் கிழிப்பார்கள். பக்கத்தில் நிற்கிறவர் தமிழர்கள் நிறைந்த தங்கவயலில் பிறந்தவரா, ஒக்கலிபுரத்தில் வளர்ந்தவரா என்று யாருக்குத் தெரியும்? இல்லாவிட்டாலும் தமிழ்ப் படம் பார்த்தே தமிழ் கற்றுக்கொண்ட ஊர் இது. வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் காதில் வாங்கி, உள்ளுக்குள் சிரித்து, வீட்டுக்கு வந்து தினாவிடம் ஒப்பிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. காது மடல் சூடாகிவிட்டது. போனில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைகாப்பு வீட்டில் காபியைப் பார்க்கப் போன அதே நடை எனக்குக் காலில் வந்து நின்றது. இத்தனை வருஷமாகப் பத்தி எழுதுகிறவளுக்கு ஒரு பதில் வராதா? வந்தது. நறுக்கென்று, சுத்தத் தமிழில், அவர்கள் இரண்டு பேரும் தலை நிமிர முடியாத மாதிரி ஒன்று. திரும்பிச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் அவள் மறுபடியும் பேசினாள். குரல் இறங்கியிருந்தது.

"இந்தத் தடவ கருமுட்டையே வளரலன்னா... என்னை ஊருக்குக் கூப்புடாதீங்க. பொங்கலுக்கும் வரல, எதுக்கும் வரல. எனக்குப் பயமா இருக்குங்க. ஒவ்வொரு தடவயும் இந்தக் கதவத் தொறக்கும்போது நெஞ்சே நின்னுடுது."

அவள் கைக்குள் ஒரு திருநீற்றுப் பொட்டலம் கசங்கிக்கொண்டிருந்தது.

நான் என் மடியைப் பார்த்தேன். அன்றைக்கு நான் போட்டிருந்தது பாஸிட்டிவ் என்று சொன்ன நாளில் போட்ட அதே மஞ்சள் குர்தா. முதல் நாள் பெய்த மழையில் அது காயவே இல்லை. வேறொன்றை எடுக்க மனசு வரவில்லை. அயர்ன் பாக்ஸை வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஈரத்தைப் போக்கி, அக்குள் பக்கம் இன்னும் ஈரத்தோடு போட்டுக்கொண்டு வந்திருந்தேன். இவளுக்குத் திருநீறு, எனக்குக் குர்தா. இவளிடம் எந்த வாயால் சண்டை போடுவது?

இன்னொன்றும் இருக்கிறது. போன தடவை நான் அழுதுகொண்டே வெளியே போனது உண்மைதான். ஆனால் அது பாஸிட்டிவ் என்று கேட்டதற்காக வந்த அழுகை. வந்துவிட்டதே, இனி இதையும் இழக்க வேண்டியிருக்குமோ என்று வந்த அழுகை. பக்கத்தில் இருந்து பார்க்கிறவளுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

நான் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்துவிட்டாள். "நீங்க இங்கயே இருங்க, நான் அங்க உக்காந்துக்கறேன்" என்று கணவனிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

எங்கே? நேராக அந்த நீல நாற்காலிக்கு.

அந்த இடத்தில் என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். என்னை ராசியில்லாதவள் என்று சொல்லி எழுந்து போகிறவள், என் கணக்கில் அந்த ஹாலிலேயே ராசியில்லாத இடத்தைத் தேடிப் போய் உட்காரப் போகிறாள். அதை நான் அவளிடம் சொல்ல வேண்டுமென்றால் தமிழில் சொல்ல வேண்டும். தமிழில் சொன்னால், அவர்கள் பேசியதெல்லாம் எனக்குப் புரிந்தது தெரிந்துவிடும். பேசாமல் இருக்கலாம். வெறும் பிளாஸ்டிக் அது. ராசி என்று ஒன்று கிடையாது என்று எழுதியவள் நான்.

அவள் உட்காருவதற்காகத் துப்பட்டாவை ஒதுக்கினாள். என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"அங்க வேணாம்மா. நீ இங்கயே வந்து குந்து. நான் அங்க போறேன்."

வந்ததே வந்தது, பத்திரிகைத் தமிழாகவாவது வந்ததா? அச்சு அசல் ஜீவனஹள்ளித் தமிழ். ஹாலில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. கணவன் தன் கழுத்திலும் தொங்கிய அடையாள அட்டையை ஆராயத் தொடங்கினான், ஏதோ அன்றைக்குத்தான் கொடுத்த மாதிரி.

"அக்கா... நீங்க தமிழா?"

ஆமாம் என்றேன். ஏன் அங்கே வேண்டாம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். உண்மையைச் சொல்ல முடியுமா? ஏசி நேராக மூஞ்சியில் அடிக்கும், தலைவலி வந்துவிடும் என்று சொல்லி வைத்தேன். அவள் வந்து என் இடத்தில் உட்கார்ந்தாள். நான் போய் நீல நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் அங்கே உட்கார்ந்து, உள்ளே போய், அழுதுகொண்டு வெளியே வந்தால் அதையும் நான்தான் சுமக்க வேண்டும் என்ற பயம். ஒரு பயத்திலிருந்து தப்பிக்க இன்னொரு பயத்தின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

உட்கார்ந்த பிறகுதான் முழுசாக உறைத்தது. முன்பின் தெரியாத ஒருத்திக்காக, என் வயிற்றில் இருப்பதைக் கொண்டுவந்து இங்கே உட்கார வைத்துவிட்டேனே? எழுந்துவிடலாமா? எழுந்தால் மட்டும் உட்கார்ந்தது இல்லை என்றாகிவிடுமா? ஏசி மண்டையில் அடித்தது. அந்த ஒரு விஷயத்திலாவது நான் பொய் சொல்லவில்லை. தினாவுக்கு, 'எங்க இருக்கீங்க' என்று மெசேஜ் போட்டேன். பதில் இல்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் போல.

நர்ஸ் கதவைத் திறந்து என் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இந்தப் பத்தியின் தலையில் 'செல்வி' என்று மட்டும்தான் இருக்கும். அப்பா, கன்னட தேசத்தில் பிறந்த பெண் என்பதாலேயே வீம்பாக வைத்த முழுப் பெயர் – தமிழ்ச்செல்வி. ஹால் முழுக்கக் கேட்டது. அந்தப் பெண்ணின் கணவன் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

படுத்தேன். மானிட்டர் என் பக்கம் இருந்தது. நான் படத்தைப் பார்க்கவே இல்லை. டாக்டரின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசுங்களேன் டாக்டர், ஏதாவது பேசுங்களேன்... அவர் பேசவில்லை. மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் கை மெல்ல எழுந்து மானிட்டரின் விளிம்பைப் பிடித்தது.

கண்ணை மூடிக்கொண்டேன். போயிற்று என்று நினைத்தேன். நாற்காலி என்று நினைத்தேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னார். மானிட்டரை இன்னும் கொஞ்சம் என் பக்கமாகத் திருப்பியிருந்தார். சாம்பல் நிறத்துக்கு நடுவில், பொட்டு அளவில் ஏதோ ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. அதுதான் என்றார்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. மூச்சு விட்டால் நின்றுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

துடிப்பு வந்துவிட்டது, ஆனால் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, இப்போதுதான் ஆரம்பித்திருந்தால் இப்படியும் இருக்கும் என்றார் டாக்டர். அடுத்த செவ்வாய் மறுபடியும் பார்க்கலாம் என்றார். மெதுவாக என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார் மறுபடியும். அந்தக் கட்டடத்தில் நான் ரொம்பவும் பயப்படுகிற வார்த்தை 'இல்லை' அல்ல. 'பார்க்கலாம்'தான்.

வெளியே வந்தபோது அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தாள். என் முகத்தைக் கண்ணால் துழாவினாள். எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை போலிருக்கிறது.

"அக்கா... இருக்கா?"

"இருக்கு."

மெதுவாக இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன. பேசியதற்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, போன தடவை நான் அழுதது பாஸிட்டிவ் வந்ததற்காக என்று சொன்னேன். அதைக் கேட்டதும் அவள் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய், நான் எழுந்து வந்த நீல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏசி அடிக்கும்னாங்களே" என்றான் கணவன்.

"அடிக்கட்டும்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

போன வருஷக் கதையை அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். மனசு வரவில்லை. நானாகவே ராசியை அழித்து, நானாகவே ராசியை உண்டாக்கிவிட்டேன். இப்போது அங்கே உட்கார்ந்திருப்பவளுக்கு நல்லபடியாக நடக்க வேண்டுமே என்று ஒரு புதுப் பயம். எனக்கு இருந்தது போதாதா?

அப்போதுதான் தினா ஹெல்மெட்டும் கையுமாக ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "விஷயம்?" என்றார். துடிப்பு இருப்பதையும் சொன்னேன், மெதுவாக இருப்பதையும் சொன்னேன். குமட்டல் நின்றதையும் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, கிளம்பலாமா என்றார். இன்னும் ஒருத்தருக்கு முடியட்டும் என்றேன். யார் என்று கேட்டார். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். கணவனும் பின்னால் போனான். அந்த நேரத்தில் எனக்காக வேண்டிக்கொண்டேனா, அவளுக்காக வேண்டிக்கொண்டேனா என்று இப்போது கேட்டால் தெரியாது.

வெளியே வந்தாள். அழவில்லை. சிரிக்கவும் இல்லை. முட்டை ஒன்று வளர்ந்திருக்கிறதாம், ஆனால் போதாதாம். ஊசியைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த செவ்வாய் பார்க்கலாம் என்றாராம் டாக்டர். முழுசாக இல்லை என்று சொல்லாத எதையும் அங்கே நாங்கள் நல்ல சேதி என்றுதான் எடுத்துக்கொள்வோம். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கும் செவ்வாதானக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஏசிக்குக் கீழே திரும்பிப் பார்த்தோம்.

வரும் செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது.